நான்கு இசைத்தட்டுக்கள்

1883இல் வியன்னாவிற் பிறந்த அன்ரன் வெபேண், ஆதார சுருதியொன்றனைச் சாராத புதுநெறி கண்ட ஷேன்பேர்க்கின் மாணாக்கர். அவர் வரிசையெண் இட்டு வெளிப்படுத்திய ஆக்கங்கள் 31. அவையும் மிகச் சிறியன. பத்தாம் ஆக்கத்தின் நான்காம் பகுதி அரை நிமிடத்துள் முடிந்துவிடும். இதனைக் குறையென்றார் பலர், செறிவென்பதே பொருந்தும்.

1938இல் ஒஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்டபின் அவ்விசை இழிகலையென விலக்குண்டது. போர் ஓய்ந்தும் அவருக்கு விடிவில்லை. 1945 செப்தெம்பர் 15ஆம் நாள், மிற்றேர்சில் என்னும் ஊரில், அமெரிக்கப் போர்வீரனொருவன் சுட அவர் மாண்டார்.

அவ்வமெரிக்க நாட்டிலேயே றொபேட் கிராவ்ற் என்பார் அவர்தம் பெருங்குழு இசை, சிறுகுழு இசை, பாடல் அனைத்தையும் பதிவுசெய்தார். 1957இல் கொலம்பியா நிறுவனம் அவற்றை நான்கே தட்டுக்களில் வெளியிட்டது. வாசித்தோர்க்கும் புதிதாகிய இசையாதலின் ஆங்காங்கே தளர்வுண்டு. பின்வந்த பூலேயின் பதிவுகள் திருத்தமானவை. ஆயினும், அச்சுத் தாளிற் கண்ணுக்கு மட்டும் புலனாகியிருந்த ஆக்கங்கள் பல முதன்முதல் மாணவர் செவிக்கு எட்டியது அந்நான்கு தட்டுக்களாலேயே.