அடுக்கும் மடக்கையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புக் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் வகை நுண்கணிதத்தில் இடறும் இடம் ஒன்றுண்டு. மாறியின் வர்க்கத்தை வகையிடும்போது அடுக்கை முன்னே இறக்கி ஒன்றைக் குறைக்கப் பழகியவர்கள், இரண்டின் அடுக்கில் மாறி அமர்ந்திருக்கும்போதும் அதையே செய்துவிடுகின்றனர். முன்னதில் அடி மாறுகிறது. பின்னதில் அடுக்கு மாறுகிறது. பின்னதன் வகைக்கெழு, அதே சார்பை 2இன் இயல் மடக்கையால் (ஏறத்தாழ 0.693) பெருக்கக் கிடைப்பது. இந்த மடக்கை எங்கிருந்து வந்து நுழைந்தது? சூத்திரம் அதைச் சொல்லாது.

லாகரிதம் என்னும் சொல் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததென நம்முள் கருதுவோர் உண்டு. அப்பெயர் தந்தது அல்காரிதம். லாகரிதமோ, விகிதம், எண் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் ஆக்கியது. ஒலி ஒப்புமை தற்செயலே. இல்லாத பெருமையை முன்னோர்க்குச் சூட்டினால் உள்ள பெருமையையும் பிறர் ஐயுறுவர்.

உள்ள பெருமை அஸ்ஸமவ்அலுக்குரியது. ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் (கி.பி. 12) பாக்தாதில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1163இல் இஸ்லாத்தைத் தழுவியவர் இவர். அல்கரஜியின் வழிநின்று, பத்தொன்பதாம் வயதில் எழுதிய 'அல்பாஹிர்' என்னும் இயற்கணித நூலில் அடுக்குகளை ஒரே வரிசையில் நிறுத்தினார். நடுவே ஒன்று, ஒருபுறம் மாறியின் அடுக்குகள், மறுபுறம் அவற்றின் தலைகீழிகள். இரு அடுக்குகளைப் பெருக்க வேண்டுமா? வரிசையில் அத்தனை கட்டங்கள் நகர்ந்தால் போதும். 8ஐ 16ஆல் பெருக்குவதென்பது 3ஐயும் 4ஐயும் கூட்டி, ஏழாம் கட்டத்தில் 128ஐக் காண்பதாகிறது. பெருக்கல் இவ்வாறு கூட்டலாவதே மடக்கையின் உயிர்நாடி.

ஆயினும் அவர் கட்டங்கள் முழு எண்களோடு நின்றன. இடைவெளியை நிரப்பியவர் நேப்பியரே. 1614இல் வெளியிட்ட நூலில் இரு புள்ளிகளை அவர் கற்பனை செய்தார். ஒன்று சீரான வேகத்தில் செல்கிறது. மற்றொன்றின் வேகம், அது கடக்க வேண்டிய மீதித் தொலைவுக்கேற்பக் குறைந்துகொண்டே வருகிறது. அடுக்குக்குறிச் சார்பின் வகைக்கெழு அச்சார்பின் மடங்கே என்னும் விதி இக்கற்பனைக்குள் ஒளிந்திருப்பதைக் காண்கிறோம். லைப்னிட்ஸின் வகை நுண்கணிதம் அச்சேறியதோ 1684இல்தான்! இதனிடையே, அதிபரவளையத்தின் கீழுள்ள பரப்பு மடக்கையின் இயல்புடையது என்பதற்கு 1647இல் சான் வின்சான் நூல் வழிதிறந்தது. மடக்கையின் வகைக்கெழு மாறியின் தலைகீழியாக அமையும் காரணம் அப்பரப்பில் இருக்கிறது.

அடியும் அடுக்கும் சேர்ந்தே மாறினால் என் செய்வது? 1697இல் யோஹான் பெர்னூலி மடக்கை எடுத்து வகையிட்டார். மாறியை அதனாலேயே அடுக்கேற்றிய சார்பு வினாத்தாளில் வரும்போது ஆவடி மாணவரும் அவ்வாறே செய்கிறார். இருபுறமும் மடக்கை எடுத்ததும் அடுக்கு கீழிறங்கிப் பெருக்கலாகிறது. வகையிட்டால், அதே சார்பை, மாறியின் மடக்கையோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் பெருக்கிய விடை வருகிறது. அடுக்கைக் கீழிறக்கும் அந்த முதற்படிக்கு ஆதாரம், அஸ்ஸமவ்அல் கட்டங்களை எண்ணிக் காட்டிய அதே விதி.