வழிகாட்டியும் விசாரணையும்: எண்ணூர் மோதல்

வானூர்தி ஓட்டுநரைக் குறிக்கும் முன்பே ‘பைலட்’ என்ற சொல், துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அறிந்து கப்பல் தலைவருக்கு வழிகாட்டுபவருக்கு உரியதாயிருந்தது. 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், அதன் 31ஆம் பிரிவு நீட்டிக்கப்பட்ட துறைமுகங்களில், 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் வழிகாட்டியோ துறைமுக அதிகாரியோ உடனின்றி நுழையலாகாது என்றது. இருப்பினும் 2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராஜர் துறைமுகத்தில் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ கப்பலும், எரிபொருளுடன் வந்த ‘டான் காஞ்சிபுரம்’ கப்பலும் எண்ணூருக்கு அப்பால் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கட்டியாகப் படிந்தபோது, அதனை அள்ளக் கிடைத்த கருவி பெரும்பாலும் வாளிதான். விபத்தை யார் விசாரிப்பது என்பதில் வானும் கடலும் வேறுபட்டன: இந்தியாவில் வானூர்தி விபத்துகளை ஆராய, விமானிகளுக்கு உரிமம் வழங்கும் இயக்குநரகத்திலிருந்து பிரித்து, 2012இல் தனிப் பணியகம் அமைக்கப்பட்டது. எண்ணூர் மோதலிலோ, மாலுமிகளின் தகுதிச் சான்றிதழுக்குப் பொறுப்பான கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமே விசாரணையையும் நடத்தியது.