எக்ஸ்டார்ஷன் என்றால் என்ன? நம்ம கையாலேயே பணத்தைக் கொடுத்தாலும் அது குற்றமா?

'வியாபாரியை மிரட்டி பணம் பறிப்பு' என்று தமிழில் வரும் செய்தியை ஆங்கிலச் சேனல்கள் 'எக்ஸ்டார்ஷன்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடும். அகராதியில் பார்த்தால் 'பலவந்தமாகப் பறித்தல்' என்று இருக்கும். ஆனா பறிப்பதெல்லாம் எக்ஸ்டார்ஷன் ஆகாது.

லத்தீன் மொழியில் முறுக்குவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது இது. முறுக்கி வெளியே எடுப்பது என்று பொருள். 'டார்ச்சர்' என்கிறோமே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான்.

திருட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பஸ்ஸில் பர்ஸை அடித்தால் அது திருட்டு. பறிகொடுத்தவருக்கு அப்போது விஷயமே தெரியாது. எக்ஸ்டார்ஷனில் பணத்தை எடுத்துக் கொடுப்பதே பாதிக்கப்பட்டவர்தான். "மாசம் 5,000 வரலைன்னா கடை இருக்காது" என்று ஒருவன் சொல்கிறான், கடைக்காரர் கல்லாவில் இருந்து எண்ணிக் கொடுக்கிறார். நம்ம ஊரில் இதற்கு 'மாமூல்' என்று பெயர். வழக்கமானது என்ற பொருளில் அரபியில் இருந்து வந்த சொல் அது. மிரட்டி வாங்குவதற்கு 'வழக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டோம்!

பலர் புகார் கொடுக்கத் தயங்குவதும் இங்கேதான். "நீங்களே ஜிபேல அனுப்பிட்டு இப்ப வந்து சொல்றீங்களே" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பயமுறுத்தி, அந்தப் பயத்தால் ஒருவரைக் கொடுக்க வைப்பதுதான் இந்தக் குற்றமே. பணம் மட்டுமல்ல, மிரட்டி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினாலும் இதில் அடங்கும்.

கழுத்தில் கத்தியை வைத்து அங்கேயே, அப்போதே பிடுங்கினால் அது ஒரு படி மேலே போய் 'ராபரி', அதாவது கொள்ளை ஆகிவிடும்.

அப்போ பிளாக்மெயில்?

ரகசியத்தை வெளியில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதை பிளாக்மெயில் என்கிறோம். இதில் உள்ள 'மெயில்' கடிதம் இல்லை. பழைய ஸ்காட்லாந்து வழக்கில் வாடகை, கப்பம் என்று பொருள். எல்லைப்புற விவசாயிகளிடம் 'பாதுகாப்பு' என்ற பெயரில் வசூலித்ததால் வந்த பெயர். அவதூறு பரப்புவேன் என்று மிரட்டிப் பணம் வாங்குவதையும் நம் சட்டம் எக்ஸ்டார்ஷனுக்கு உதாரணமாகவே காட்டுகிறது.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்டார்ஷனேட்' என்ற உரிச்சொல்லும் உண்டு. ஏர்போர்ட்டில் டீ விலை எக்ஸ்டார்ஷனேட் என்றால் யாரும் கேஸ் போட முடியாது. அநியாய விலை என்று மட்டுமே அர்த்தம்.

தண்டனை என்ன?

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 383, 384 பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவுக்கு வந்துவிட்டது. அதிகபட்சம் 3 ஆண்டாக இருந்த சிறைத் தண்டனை 7 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. கொலை, கொடுங்காயம் என்று பயமுறுத்திப் பறித்தால் 10 ஆண்டு வரை போகும். "குழந்தை எங்ககிட்ட இருக்கு, ஒரு லட்சம் அனுப்பு" என்று மெசேஜ் அனுப்பி மிரட்டுவதும் புதிய சட்டத்தில் உதாரணமாகச் சேர்ந்திருக்கிறது.

பணம் கைமாறவே இல்லை என்றாலும் மிரட்டியவர் தப்ப முடியாது. பறிக்கும் நோக்கத்தோடு பயமுறுத்தியதற்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. அதனால் மிரட்டல் மெசேஜ், கால் விவரம், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் பதற்றத்தில் டெலிட் செய்துவிடக் கூடாது. ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.