உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் வேகக்குறைவு

உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் வேகக்குறைவு என்பது, இணையத்தளங்களை எழுதவும் தொகுக்கவும் வெளியிடவும் பயன்படும் மென்பொருள்களில் பக்கங்கள் தாமதமாகத் திறப்பதையும், எழுதியவை தாமதமாகச் சேமிக்கப்படுவதையும் அல்லது சேமிக்கப்படாமற் போவதையும் குறிக்கும். மீடியாவிக்கி, வேர்ட்பிரஸ், துருபால், ஜூம்லா முதலியன பரவலாகப் பயன்படும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் ஆகும். இவை நான்கும் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டவை, பெரும்பாலும் மைஎசுகியூஎல் அல்லது அதன் வழிவந்த மரியாடிபி தரவுத்தளத்துடன் இயங்குகின்றன. ஆகவே இவற்றில் தோன்றும் சிக்கல்களும் பெரும்பாலும் ஒரே தன்மை கொண்டவை. தமிழில் உள்ள தளங்களுக்கு எழுத்துக்குறியாக்கம் சார்ந்த சில தனிச் சிக்கல்களும் உண்டு.

முக்கியத்துவம்

வேகக்குறைவு ஒரு வசதிக்குறைவு மட்டும் அன்று. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டனர். இத்தகைய நாட்களில் பாபநாசம் (143 அடி), சேர்வலாறு (156 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகளின் நீர்மட்டம், விடுமுறை அறிவிப்பு, உதவி எண்கள் முதலியவற்றைப் பலரும் ஒரே நேரத்தில் தேடுவர். கைபேசி அலைவரிசையோ அப்போது வலுவிழந்திருக்கும். எளிய பக்கமொன்றே அந்நிலையில் திறக்கும்.

எழுதுபவருக்கு ஏற்படும் இழப்பும் சிறிதன்று. இரண்டு மணி நேரம் எழுதிய கட்டுரை சேமிக்கும்போது தொலைந்துவிட்டால், ஒரு தன்னார்வலர் அதனை மீண்டும் எழுதுவார் என்பதற்கு உறுதி இல்லை.

ஏற்றுதலும் சேமித்தலும்

ஒரு பக்கத்தை ஏற்றுவதும் சேமிப்பதும் வழங்கிக்கு இருவேறு வேலைகள் ஆகும். சிக்கலைத் தீர்க்க முனைவோர் முதலில் அறியவேண்டிய வேறுபாடு இதுவே.

வாசகர் ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது, முன்பே உருவாக்கி வைத்த படியை அப்படியே அனுப்பிவிடலாம். இப்படிகளை வைத்திருக்கும் இடம் பதுக்ககம் அல்லது கேச் எனப்படும். ஆனால் எழுதுபவர் சேமிக்கும்போது பதுக்ககம் உதவாது. வழங்கி பயனரை அடையாளம் காணவேண்டும்; உரையைத் தரவுத்தளத்தில் எழுதவேண்டும்; பழைய பதிப்பைப் பேணவேண்டும்; தேடல் அட்டவணையையும் பகுப்புகளையும் புதுப்பிக்கவேண்டும்; பழைய படிகளை நீக்கவேண்டும். எனவே வாசகருக்கு விரைவாகத் திறக்கும் தளமே எழுதுபவருக்கு மிகவும் மெதுவாக இருக்கக்கூடும். பதுக்கக நீட்சி ஒன்றை நிறுவியபின் தளம் சரியாகிவிட்டது என்று கருதுவது இதனாலேயே தவறாக முடிகிறது.

தமிழ் உரையின் அளவு

ஒருங்குறியில் தமிழுக்கான முதன்மை இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை ஆகும். இணையத்தில் வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் இவ்விடத்திலுள்ள ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு போதும். மேலும் உயிர்மெய் எழுத்துகளுள் அகர வரிசை தவிர்ந்தவையும் மெய்யெழுத்துகளும் இரண்டு குறிகளால் ஆனவை.

எடுத்துக்காட்டாக, "திருநெல்வேலி" என்னும் சொல்லில் நாம் காண்பவை 6 எழுத்துகள். கணினிக்கு அவை 12 குறிகள், 36 பைட்டுகள். இச்சொல் இணைய முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் கூடிய மூன்று எழுத்துருக்களாக மாறுவதால் 108 இடங்களைப் பிடிக்கிறது.

இவ்வளவு வளர்ச்சி வாசகரைப் பெரிதும் பாதிப்பதில்லை. தமிழ்க் குறிகள் அனைத்திற்கும் முதல் பைட்டு ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்றாகவே இருக்கும். இவ்வாறு திரும்பத் திரும்ப வருவதால் ஜிசிப் முதலிய முறைகளில் தமிழ் உரை நன்கு சுருங்கும். ஆனால் உலாவியிலிருந்து வழங்கிக்குச் செல்லும் படிவம் பொதுவாக அழுத்தப்படுவதில்லை. சில படிவங்கள் முகவரியில் செய்வதைப் போலவே உரையையும் மும்மடங்காக்கி அனுப்புகின்றன. வேர்ட்பிரசின் பழைய தொகுப்பி இவ்வகையைச் சேர்ந்தது. 20,000 குறிகள் கொண்ட கட்டுரை இதில் 60,000 பைட்டுகளாகி, அனுப்பும்போது 1,80,000 பைட்டுகளாகும். நொடிக்கு 128 கிலோபிட்டு மேலேற்ற வேகமுள்ள இணைப்பில் இதற்கு 11 நொடிக்கு மேல் ஆகும்.

2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, டேஸ்-16 என்னும் குறியாக்கத்தையும் மாற்றாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறி உண்டு. ஆயினும் ஒருங்குறித் தரத்தில் இடம்பெறாமையால் இணையத்தளங்களில் அது பரவவில்லை.

அளவு சார்ந்த வரம்புகள்

பல அமைப்புகளில் வரம்புகள் எழுத்துகளில் அன்றி பைட்டுகளில் கணக்கிடப்படுகின்றன. மீடியாவிக்கியில் பக்கத் தலைப்பின் வரம்பு 255 பைட்டுகள். தமிழில் இது 85 குறிகளே.

வேர்ட்பிரசில் கட்டுரை முகவரியின் வரம்பு 200 இடங்கள். "திருநெல்வேலி மாவட்ட அணைகள்" என்ற தலைப்புக்கு 218 இடங்கள் வேண்டும். எனவே முகவரி "திருநெல்வேலி-மாவட்ட-அணைக" என்று வெட்டப்படும். தலைப்பின் தொடக்கம் ஒன்றாக உள்ள கட்டுரைகள் பல இருப்பின் அவற்றின் முகவரிகள் முடிவில் எண்ணால் மட்டும் வேறுபடும். சுருக்கமான முகவரியைக் கையால் இடுவது இதற்குத் தீர்வாகும்.

சேமிப்பில் ஏற்படும் சிக்கல்கள்

நான்கு பைட்டுக் குறிகள்: மைஎசுகியூஎல் தரவுத்தளத்தில் முன்னர் யூ.டி.எஃப்-8 என வழங்கிய வகை, ஒரு குறிக்கு 3 பைட்டுகள் வரை மட்டுமே ஏற்கும். வழக்கமான தமிழ் உரைக்கு இது போதுமானது. 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகள், பழைய அளவைக் குறிகள் முதலியன தனி இடத்தில் சேர்க்கப்பட்டன. மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களின் குறிகள் இவற்றுள் அடங்கும். இவற்றுக்கு 4 பைட்டுகள் தேவை. எனவே பழைய நில ஆவணங்களையும் கணக்குகளையும் பதிவேற்ற முனையும் தளம் பழைய வகையிலேயே இருப்பின், சேமிப்பு பிழையுடன் நிற்கும். அல்லது அக்குறி வந்த இடத்திலிருந்து உரை வெட்டுப்படும். உணர்ச்சிக்குறிகளும் இதே சிக்கலைத் தரும். தரவுத்தளத்தை யூ.டி.எஃப்-8 எம்பி4 வகைக்கு மாற்றுவதே தீர்வு. வேர்ட்பிரஸ் 2015இல் வெளியான 4.2 பதிப்பில் இவ்வகைக்கு மாறியது.

அமர்வு முடிதல்: பி.எச்.பி. அமர்வின் இயல்பான ஆயுள் 1,440 நொடிகள், அதாவது 24 நிமிடங்கள். ஜூம்லாவில் இயல்பு அமைப்பு 15 நிமிடங்கள். இந்நேரத்திற்கு மேல் எந்தத் தொடர்பும் இன்றி எழுதிக்கொண்டிருந்து சேமிக்க முயன்றால் புகுபதிகைப் பக்கம் தோன்றலாம், எழுதியது இழக்கப்படலாம்.

படிவ வரம்புகள்: பி.எச்.பி.யின் இயல்பு அமைப்பில் ஒரு கோப்பின் அளவு 2 மெகாபைட்டு, முழுப் படிவத்தின் அளவு 8 மெகாபைட்டு, படிவத்திலுள்ள புலங்களின் எண்ணிக்கை 1,000 என வரையறுக்கப்பட்டுள்ளது. புலங்கள் இதனை மிஞ்சினால் எஞ்சியவை கைவிடப்படும். நீண்ட பட்டியல்களைச் சேமிக்கும்போது பாதி மட்டும் பதிவாவதற்கு இது ஒரு காரணம்.

அட்டவணைப் பூட்டு: பழைய மைஐசாம் வகை அட்டவணைகளில் ஒருவர் எழுதும்போது முழு அட்டவணையும் பூட்டப்படும், பிறர் காத்திருக்க நேரும். இன்னோடிபி வகையில் உரிய வரிசை மட்டுமே பூட்டப்படும். 2010இல் வெளியான மைஎசுகியூஎல் 5.5 முதல் இதுவே இயல்பு வகை ஆகும். அதற்கு முன் தொடங்கிய தளங்களில் பழைய அட்டவணைகள் இன்றும் எஞ்சியிருக்கலாம்.

பழைய படி தெரிதல்: சேமிப்பு வெற்றி பெற்றும், பதுக்ககத்திலுள்ள பழைய பக்கமே வாசகருக்குத் தெரிவதுண்டு. அணை நீர்மட்டம் போன்று அடிக்கடி மாறும் செய்திகளில் இது ஆபத்தானது. நேற்றைய மட்டத்தை இன்றையது என்று காட்டும் விரைவான பக்கத்தைவிட, சரியான மட்டத்தைக் காட்டும் மெதுவான பக்கமே மேலானது. இத்தகைய பக்கங்களுக்குப் பதுக்கக நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைப்பதும், அளவு எடுத்த நேரத்தை உரையிலேயே குறிப்பதும் நன்று.

ஏற்றத் தாமதத்தின் காரணங்கள்

* படங்களின் அளவு: கைபேசியில் எடுத்த 4 மெகாபைட்டுப் படத்தைச் சுருக்காமல் இட்டால், நொடிக்கு 2 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில் அது மட்டும் 16 நொடிகள் எடுக்கும்.
* நீட்சிகள்: ஒவ்வொரு நீட்சியும் தனக்கான நிரலையும் தரவுத்தள வினவல்களையும் சேர்க்கும். பயன்படுத்தாத நீட்சிகளை நீக்குதல் வேண்டும்.
* எழுத்துருக்கள்: பல தடிமன்களில் தமிழ் எழுத்துருக்களைத் தரவிறக்கச் செய்வது முதல் தோற்றத்தைத் தாமதப்படுத்தும்.
* வழங்கியின் தொலைவும் திறனும்: ஒரே வழங்கியில் பல தளங்கள் இருக்கும்போது ஒன்றின் நெரிசல் மற்றவற்றையும் பாதிக்கும்.

விக்கிப்பீடியாவின் பட்டறிவு

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. 2018இல் விக்கிமீடியா நிறுவனம் சிங்கப்பூரில் ஒரு பதுக்கக மையத்தை இயக்கத் தொடங்கியது. அதன்பின் இந்திய வாசகர்களின் கோரிக்கைகளுக்கு அங்கிருந்தே விடை கிடைக்கிறது. ஆனால் தொகுப்புகள் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள முதன்மைத் தரவு மையத்திற்குச் சென்றாக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வர்சீனியா வரை நேர்த்தொலைவே ஏறத்தாழ 14,000 கி.மீ. ஆகும். ஒளியிழையில் ஒருமுறை சென்று திரும்ப 0.14 நொடியேனும் தேவை. வாசிப்புக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டுகிறது.

சேமிப்பை விரைவாக்க வேறு வழிகள் கையாளப்பட்டன. 2014இல் பி.எச்.பி. நிரலை இயக்க எச்.எச்.வி.எம். என்னும் பொறி பயன்படுத்தப்பட்டபோது சேமிக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2019இல் இது பி.எச்.பி. 7 பதிப்பால் மாற்றீடு செய்யப்பட்டது. பயனர் தொகுப்புச் சுருக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் பின்னணியில் உருவாக்கி வைக்கும் முறையும் சேர்க்கப்பட்டது.

வார்ப்புருக்களும் சேமிப்பைப் பாதிப்பவை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. இதுபோன்ற மாற்றத்தை மாவட்ட வார்ப்புரு ஒன்றில் செய்தால், அதனைப் பயன்படுத்தும் ஊர்க் கட்டுரைகள் அனைத்தும் மீண்டும் உருவாக்கப்பட வேண்டும். மீடியாவிக்கி இவ்வேலைகளை வரிசையில் இட்டுச் சிறிது சிறிதாக முடிக்கும். எனவே சில பக்கங்களில் மாற்றம் தாமதமாகத் தெரிவது பிழை அன்று.

சிக்கலைக் கண்டறியும் முறை

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையெனில், அணைக்கட்டிலிருந்து மதகு மதகாகப் பார்த்து வருவதே வழக்கம். இங்கும் அம்முறையே பொருந்தும். ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து அளக்கவேண்டும்.

1. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி வலைப்பின்னல் பகுதியைத் திறந்து, முதல் பைட்டு வரும் நேரத்தைப் பார்க்கவேண்டும். அது அதிகமெனில் குறை பெரும்பாலும் வழங்கியில் அல்லது வழியில் உள்ளது. குறைவாயிருந்து பக்கம் முழுமையடையத் தாமதமானால் படங்களிலும் எழுத்துருக்களிலும் நிரல்களிலும் உள்ளது.
2. புகுபதிகை செய்தும் செய்யாமலும் அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிடவேண்டும். புகுபதிகை செய்தபோது மட்டும் தாமதமெனில் பதுக்ககம் உண்மைச் சிக்கலை மறைத்துள்ளது.
3. ஒரு வரி மட்டும் கொண்ட புதிய பக்கத்தைச் சேமித்துப் பார்க்கவேண்டும். இது விரைவாகச் சேமிக்கப்பட்டால் உரையின் அளவையும் வார்ப்புருக்களையும் ஆராயவேண்டும். இதுவும் தாமதமானால் தரவுத்தளத்தையும் நீட்சிகளையும் ஆராயவேண்டும்.
4. பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். 413 அனுப்பியது அளவை மிஞ்சியதையும், 403 அனுமதி மறுப்பையும், 504 வழங்கி உரிய நேரத்தில் விடை தராததையும் குறிக்கும்.
5. தளத்தின் படியொன்றில் நீட்சிகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கவேண்டும்.
6. மைஎசுகியூஎல்லின் மெது வினவல் பதிவேட்டை இயக்கி, நேரம் எடுக்கும் வினவல்களைக் காணவேண்டும்.

எந்த மாற்றத்திற்கும் முன் தரவுத்தளத்தின் காப்புப்படியை எடுத்தல் இன்றியமையாதது.

எழுதுபவர் செய்யக்கூடியவை

வழங்கியை அணுக இயலாத பயனரும் இழப்பைத் தவிர்க்கலாம். நீண்ட கட்டுரையை உரைத்தொகுப்பியில் எழுதிப் பின்னர் ஒட்டலாம். பகுதி பகுதியாகச் சேமிக்கலாம். சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன் முழு உரையையும் படியெடுத்து வைக்கலாம். பிழை தோன்றினால் உலாவியை மூடாமல் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் சிலவேளை உரை மீளக்கிடைக்கும். வேர்ட்பிரஸ் பழைய தொகுப்பியில் 60 நொடிக்கு ஒருமுறை தானாகவும் சேமிக்கிறது. எனினும் இணைப்பு துண்டிக்கப்பட்ட நிலையில் இதனை முழுதும் நம்புதல் தகாது.

இவற்றையும் பார்க்க

* உள்ளடக்க மேலாண்மை அமைப்பு
* மீடியாவிக்கி
* ஒருங்குறி
* தமிழ் எண்கள்
* தாமிரபரணி ஆறு