பசுமைக்குடில் விளைவு: வகுப்பறைச் சோதனை

பசுமைக்குடில் விளைவைக் காட்டப் பள்ளிகளில் பரவலாகச் செய்யப்படும் சோதனை எளியது. ஒரு பாட்டிலில் காற்று. மற்றொன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு. இரண்டின் மீதும் விளக்கொளி பட்டால், இரண்டாவது பாட்டிலின் வெப்பமானி சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆனால் இந்த வெப்ப உயர்வுக்கு முதன்மைக் காரணம் பசுமைக்குடில் விளைவு அன்று. சூரிய ஒளியால் சூடேறிய நிலம் அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. அவற்றில் 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியவற்றைக் கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பி உமிழ்கிறது. பாட்டிலிலோ பிளாஸ்டிக் சுவரே அக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. உள்ளே எந்த வாயு இருக்கிறது என்பதற்கு அங்கே அதிக வேலை இல்லை. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட அடர்த்தியானது. அதனால் வெப்பச்சலனம் மட்டுப்பட்டு, சூடு அடியிலேயே தேங்குகிறது. 2010-இல் அமெரிக்க இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. அகச்சிவப்பை உறிஞ்சாத, ஆனால் காற்றைவிட அடர்த்தியான ஆர்கானும் ஏறத்தாழ அதே உயர்வைத் தந்தது.

விடை சரியாக வரும்போது காரணத்தை ஏன் துருவ வேண்டும் என்று கேட்கலாம். காரணத்தைக் கற்பிக்கத்தானே சோதனை செய்கிறோம். ஆர்கானை நிரப்பிப் பார்க்கும் மாணவர், பருவநிலை அறிவியலே பொய் என்று முடிவுகட்டிவிடக்கூடும். அதற்கும் இடமில்லை. 1856-இல் யூனிஸ் ஃபுட் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடே மிகுதியாகச் சூடாவதைக் கண்டார். கண்ணாடியும் நிலத்தின் அகச்சிவப்பைத் தடுப்பதால் அவருடைய கருவி காரணத்தைப் பிரித்துக் காட்டவில்லை. ஆயினும் அந்த வாயு மிகுந்த வளிமண்டலம் பூமியைச் சூடாக்கும் என்ற அவர் ஊகம் சரியானது. 1859-இல் ஜான் டிண்டல் குழாயின் இரு முனைகளையும் அகச்சிவப்பைக் கடத்தும் இந்துப்புத் தகடுகளால் மூடினார். கொதிநீர்க் கலத்தின் வெப்பக் கதிர் குழாயினூடே எவ்வளவு குறைகிறது என்று அளந்ததில், ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதை ஏறக்குறைய அப்படியே விட்டன. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உறிஞ்சின. பாட்டில் சோதனை பிழைபட்டாலும் இந்த அளவீடு நிற்கிறது.

ஆகவே வகுப்பறையிலும் அளக்க வேண்டியது வாயுவின் சூட்டை அல்ல, அதைக் கடந்து வரும் கதிரை. இந்துப்புத் தகட்டுக்குப் பதில் மெல்லிய பாலித்தீன் தாள் போதும். கருவியில்தான் கவனம் தேவை: தொடாமல் அளக்கும் சாதாரண வெப்பமானிகள், காற்று குறுக்கிடாத 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையே பார்க்கின்றன. கார்பன் டை ஆக்சைடின் 15 மைக்ரோமீட்டர்ப் பட்டை பெரும்பாலும் அதற்கு வெளியே இருப்பதால், வடிகட்டியில்லாத, பரந்த அலைநீளங்களை உணரும் தெர்மோபைலே இதற்கு ஏற்றது.