ஸ்டேடின் அளவை இருமடங்காக்கினாலும் பலன் இருமடங்காகாதது ஏன்? கல்லீரல் நொதியும் மரபணுக்களும்

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையின் அளவை இருமடங்காக்கினால், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். கூடுதலாக ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே குறைகிறது. கல்லீரல் செல்களில் ஒரு நொதியும் சில மரபணுக்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது இதற்கு முக்கியக் காரணமாகும்.

நொதியின் பணி

செல்களில் கொலஸ்ட்ரால் பல படிநிலைகளில் உற்பத்தியாகிறது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது 'எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ்' என்ற நொதி. இதன் செயல்பாட்டையே ஸ்டேடின் மருந்துகள் தடுக்கின்றன. 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து இவ்வகையின் முதல் சேர்மத்தைக் கண்டறிந்தார். 1987-இல் லோவாஸ்டேடின் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

மரபணுக்களின் எதிர்வினை

நொதி தடுக்கப்பட்டதும் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைகிறது. அப்போது, செல்லின் உட்சவ்வில் கட்டுண்டிருக்கும் 'எஸ்.ஆர்.இ.பி.பி-2' என்ற புரதம் வெட்டி விடுவிக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி உட்கருவுக்குள் சென்று சில மரபணுக்களைத் தூண்டுகிறது.

அவற்றுள் ஒன்று எல்.டி.எல். ஏற்பியை உருவாக்கும் மரபணு. கல்லீரல் செல்லின் மேற்பரப்பிலுள்ள இந்த ஏற்பிகள், ரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களைப் பற்றி உள்ளிழுக்கின்றன. ஸ்டேடினால் ரத்தக் கொழுப்பு குறைவது பெரும்பாலும் இவ்வழியிலேயே. இந்த ஏற்பியைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகியோருக்கு 1985-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும், அதே புரதம் வேறு இரு விளைவுகளையும் ஏற்படுத்துகிறது. தடுக்கப்பட்ட நொதியே கூடுதலாக உற்பத்தியாகிறது, 'பி.சி.எஸ்.கே.9' என்ற மற்றொரு புரதமும் பெருகுகிறது. எல்.டி.எல். துகளை உள்ளே சேர்த்தபின் மேற்பரப்புக்குத் திரும்ப வேண்டிய ஏற்பியை, பி.சி.எஸ்.கே.9 அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இதனால் மருந்தின் பலன் ஒரு வரம்புக்குள் நின்றுவிடுகிறது.

மாற்று வழிகள்

பி.சி.எஸ்.கே.9 மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் பரம்பரை உயர் கொலஸ்ட்ராலுக்குக் காரணமாவது, பிரெஞ்சுக் குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 2003-இல் தெரியவந்தது. மாறாக, இம்மரபணு பிறவியிலேயே செயலிழந்தவர்களுக்கு எல்.டி.எல். அளவும் இதய நோய் அபாயமும் குறைவாக இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது. இதன் அடிப்படையில் உருவான இரு எதிர்ப்புரத மருந்துகள் 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 'இன்க்ளிசிரான்' என்ற ஊசி மருந்து, கல்லீரல் செல்லில் இப்புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து, அதன் உற்பத்தியையே குறைக்கிறது.

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எல்.டி.எல். அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பொதுவாக 100 மில்லிகிராமுக்குக் கீழும், அபாயம் அதிகமுள்ளோருக்கு 70-க்குக் கீழும், மிக அதிகமுள்ளோருக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும். ஸ்டேடினால் மட்டும் இந்த இலக்கை எட்ட இயலாதவர்களுக்கு, வேறு வழியில் செயல்படும் மருந்தை அதனுடன் சேர்த்து அளிப்பதே மருத்துவ நடைமுறையாக உள்ளது.