சாகவிடப்படாத வில்லன்: பேட்மேன் காமிக்ஸில் ஜோக்கர்

1940ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ‘பேட்மேன்’ முதல் இதழில் ஜோக்கர் அறிமுகமானபோது, அவனை அந்த இதழோடு முடித்துவிடுவதே கதையாசிரியர் பில் ஃபிங்கரின் எண்ணமாக இருந்தது. ஒரே குற்றவாளி மீண்டும் மீண்டும் தலைகாட்டினால் அவனை அடக்கத் தெரியாதவனாக நாயகன் தோன்றுவான் என்று அவர் கருதியதால், அவ்விதழின் இறுதியில் ஜோக்கர் தன் கத்திக்கே இரையாகிறான். ஆயினும் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் இத்தகைய வில்லனை இழக்க விரும்பவில்லை; அவன் பிழைத்துக்கொண்டதைச் சொல்லும் கூடுதல் கட்டம் ஒன்று கதையின் முடிவில் சேர்க்கப்பட்டது. பின்வந்த எண்பது ஆண்டுக்கால வரலாற்றை ஃபிங்கரின் அச்சத்துக்கும் எல்ஸ்வொர்த்தின் கணக்குக்கும் இடையே தீராமல் நீண்ட வழக்காகப் படிக்கலாம்.

முதலில் வென்றது கணக்கே. 1940களில் ஜோக்கர் அடிக்கடி வந்தான். வரவர அவன் கொலைகள் குறைந்து, விசித்திரமான திருட்டுகளில் ஈடுபடும் குறும்பனாக மாறினான். 1954இல் காமிக்ஸ் நிறுவனங்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தணிக்கை நெறியான ‘காமிக்ஸ் கோடு’ நடைமுறைக்கு வந்தபின், அவனிடம் மிச்சமிருந்த கொடூரமும் அகன்றது. 1964இல் பேட்மேன் இதழ்களின் பொறுப்பை ஏற்ற ஜூலியஸ் ஷ்வார்ட்ஸுக்கு அவன்மீது நாட்டம் இல்லாததால், 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவனுக்குத் தந்த புகழையும் மீறி, அப்பத்தாண்டின் முடிவில் அவன் இதழ்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனான்.

அந்த மறைவு, யாரும் திட்டமிடாமலேயே, அவனுக்குப் பெரும் நன்மையாக அமைந்தது. 1973இல் டென்னி ஓ’நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் ‘பேட்மேன்’ 251ஆம் இதழில் அவனை மீட்டு வந்தபோது, தன்னைக் காட்டிக்கொடுத்தவன் பழைய கூட்டாளிகள் ஐவரில் எவன் என்று தெரியாததால் ஐவரையுமே கொல்லப் புறப்படும் புதிய ஜோக்கரை வாசகர்கள் கண்டனர். ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இல்லாமல், முந்தைய மாதம் வரை வங்கிக் கொள்ளை அடித்துக்கொண்டிருந்த குறும்பன் திடீரெனக் கொலைகாரனாகியிருந்தால், இதே கதை நம்பத்தகாததாகவே பட்டிருக்கும். இந்த வெற்றியைக் கண்ட நிறுவனம் 1975இல் அவன் பெயரிலேயே தனி இதழ் ஒன்றைத் தொடங்கியது. குற்றவாளி இறுதியில் தோற்க வேண்டும் என்று தணிக்கை நெறி வற்புறுத்தியதால், தன் சொந்த இதழின் நாயகனே ஒவ்வொரு முறையும் தோற்க வேண்டியதாயிற்று. ஒன்பது இதழ்களோடு அது நின்றது.

1980களின் பிற்பகுதியில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1988இல் ஆலன் மூரும் பிரையன் போலண்டும் படைத்த ‘தி கில்லிங் ஜோக்’ நூலில் ஜோக்கர் சுட்டதால் காவல் ஆணையர் கோர்டனின் மகள் பார்பரா நடக்கும் திறனை இழந்தாள். அதே ஆண்டில், பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் ஜோக்கரின் கையில் இறப்பதா பிழைப்பதா என்பதை முடிவுசெய்ய வாசகர்களின் தொலைபேசி வாக்கு கோரப்பட்டது. 5,343க்கு 5,271 என்ற கணக்கில் அவனது மரணம் உறுதியாயிற்று. இவ்விரு கதைகளும் வலிமையானவை, குறிப்பாக முதலாவது. ஆனால் கொடுமையின் அளவுகோல் அவற்றால் ஒரேயடியாக உயர்ந்துவிட்டது: இனி ஜோக்கர் வந்தால் யாரையேனும் சிதைத்தாக வேண்டும், இல்லையேல் வந்த பயனில்லை என்ற எதிர்பார்ப்பு வேரூன்றியது.

தொடர் காமிக்ஸின் இயல்பு இந்த எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாதது. மாதந்தோறும் வரும் இதழில் நாயகனும் முதன்மை வில்லனும் நிலையானவர்கள், எழுத்தாளர்களே மாறிக்கொண்டிருப்பார்கள், வரும் ஒவ்வொருவரும் தம் பெயர் சொல்லும் ஒரு ஜோக்கர் கதையை விட்டுச்செல்ல விரும்புவது இயல்பு, அத்தகைய கதைகள் நூலாகத் தொகுக்கப்பட்டு நெடுங்காலம் விற்கும் என்பதால் பதிப்பாசிரியரும் தடுப்பதில்லை. இதற்கிடையே விளைவுகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. ஜேசன் 2005இல் உயிருடன் திரும்பினான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ‘ஆரக்கிள்’ என்ற தகவல் வல்லுநராகத் தனி மதிப்புப் பெற்றிருந்த பார்பரா, 2011இல் கதையுலகம் புதிதாகத் தொடங்கப்பட்டபோது மீண்டும் நடந்தாள். இழப்புகள் திருத்தப்பட, குற்றவாளியின் கொலைக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. உயிர்த்தெழுந்த ஜேசனே, இவனை ஏன் இன்னும் உயிரோடு விட்டுவைத்தாய் என்று பேட்மேனைக் கேட்கும் காட்சி ஜட் வினிக் எழுதிய கதையில் வருகிறது. கொல்வதில்லை என்ற பேட்மேனின் உறுதி ஒருகாலத்தில் அவனது அறத்தின் அடையாளம். இக்கேள்விக்குப் பின் அதுவே அவன்மீதான குற்றச்சாட்டாகவும் ஒலித்தது. ஃபிங்கர் அஞ்சியது இதைத்தான், திறமைக் குறைவு என்ற எளிய வடிவில்.

2012இல் ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும், ஓராண்டு இடைவெளிக்குப் பின், உரித்தெடுக்கப்பட்ட தன் முகத்தையே முகமூடியாக அணிந்த ஜோக்கரைக் கொண்டுவந்தனர். அந்த இடைவெளியும் பலனளித்தது. 2014இல் தொடங்கிய அவர்களது அடுத்த ஜோக்கர் கதையிலோ நகரம் முழுவதும் நஞ்சூட்டப்பட வேண்டியிருந்தது. 2020இல் ‘த்ரீ ஜோக்கர்ஸ்’, ‘ஜோக்கர் வார்’ என இரண்டு பெருங்கதைகள் ஒரே ஆண்டில் வெளிவந்தன; முன்னதில் ஒரு ஜோக்கர் போதாமல் மூவர் தேவைப்பட்டனர். எதிர்த்தரப்பு நிறுவனமான மார்வெல், ஸ்பைடர்மேனின் பகைவன் நார்மன் ஆஸ்பர்னை 1973இல் கொன்று 1996 வரை திரும்ப அழைக்கவில்லை என்பதை இங்கு ஒப்பிடலாம். திரும்பிய பின் அவனும் ஓய்வறியாதவன் ஆனான் என்பது வேறு செய்தி.

2021இல் ஜோக்கரின் பெயரில் மற்றொரு இதழ் தொடங்கப்பட்டபோது, எழுத்தாளர் ஜேம்ஸ் டினியன் கதையை ஓய்வுபெற்ற கோர்டனிடம் ஒப்படைத்தார். ஜோக்கரைத் தேடி நாடுநாடாக அலையும் அந்த முதியவரின் பார்வையிலேயே நிகழ்ச்சிகள் நகர்கின்றன. தலைப்புக்கு உரியவன் பல பக்கங்களில் கண்ணில் படுவதே இல்லை.